பயிற்றுநரும் விளையாட்டுத்துறைப் பணிப்பாளரும் ஒருவரே ஆகலாமா?

கேள்வி: செம்மண்தரை (வலிகாமம்)

அனைவருக்கும் வணக்கம். நான் யாழ்ப்பாண மாவட்டத்தின் வலிகாமத்தில் உள்ள மாகாணப் பாடசாலை ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணியாற்றுகிறேன். பாடசாலையின் உதைபந்தாட்ட அணிகளுக்குப் பயிற்றுநரும் நானே. தேசிய கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வியைப் பாடமாகப் பயின்று, முதல் நியமனத்தைத் தீவகத்தில் முடித்துவிட்டு இங்கு வந்தவன்.

அண்மையில் எமது பழைய மாணவர் சங்கம் ஒரு யோசனையை முன்வைத்தது. உதைபந்தாட்டத்தோடு நின்றுவிடாமல் துடுப்பாட்டம், மெய்வல்லுநர், வலைப்பந்தாட்டம், கரப்பந்தாட்டம் ஆகிய அனைத்தையும் ஒருங்கிணைக்கும் பொறுப்பை நானே ஏற்க வேண்டும் என்பது அவர்களின் விருப்பம். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும் நிதியை அணிகளுக்குப் பங்கிடுவது, வெளிப் பயிற்றுநர்களை அமர்த்துவது, மைதான நேரத்தை ஒதுக்குவது, வலய மட்டப் போட்டிகளுக்கான பதிவுகளைக் கவனிப்பது எல்லாம் இதில் அடங்கும். அதிபரும் சம்மதித்திருக்கிறார். "விளையாட்டுத்துறைப் பணிப்பாளர்" என்று கடிதத்தலைப்பில் அச்சிடுவதற்குக்கூட ஆயத்தமாக இருக்கிறார்கள். மேலதிகக் கொடுப்பனவு பற்றி மட்டும் எவரும் வாய் திறக்கவில்லை.

என் மைத்துனரின் மகன் அமெரிக்காவில் ஒகையோ மாநிலத்தில் சிறிய கல்லூரி ஒன்றில் படிக்கிறான். அந்த மாநிலத்துக் கல்லூரியொன்றில் உதைபந்தாட்டப் பயிற்றுநராக இருந்த ஒருவர், நீண்ட காலம் அக்கல்லூரியின் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராகவும் இருந்தார் என்று அவன் சொன்னபோது வியப்பாக இருந்தது. அத்தகைய பணிவாழ்க்கை எப்படிச் சாத்தியமாகிறது? எமது சூழலில் அதை ஒருவர் பின்பற்ற முடியுமா, அல்லது இரண்டு பொறுப்புகளையும் ஏற்று இரண்டையும் கெடுத்துக்கொள்வதுதான் மிஞ்சுமா? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி: வட்டுநகரான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்கள் மருமகன் குறிப்பிட்டவர் ஒகையோ வெஸ்லியன் பல்கலைக்கழகத்தின் ஜே மார்ட்டின் ஆகத்தான் இருக்க வேண்டும். நான் அந்த மாநிலத்தில் வசிப்பதால் அவரது பணியை ஓரளவு கவனித்து வந்திருக்கிறேன். 1977 இல் ஆண்கள் உதைபந்தாட்ட அணியைப் பொறுப்பேற்ற அவர், நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதே அணியோடு இருந்து 700 க்கும் மேற்பட்ட வெற்றிகளைக் குவித்தார். அமெரிக்கக் கல்லூரி ஆண்கள் உதைபந்தாட்டத்தில் அதிக வெற்றிகளைப் பெற்ற பயிற்றுநர் என்ற நிலையையும் அடைந்தார். 1998 இலும் 2011 இலும் மூன்றாம் பிரிவின் தேசியக் கிண்ணம் அவரது அணிக்குக் கிடைத்தது. தொடக்க ஆண்டுகளில், வலை கட்டிய கோலால் பந்தை எறிந்து ஆடும் லாக்ரோஸ் அணிக்கும் அவரே பயிற்றுநர். 1985 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் பதவியும் அவரிடமே இருந்தது.

இது எவ்வாறு சாத்தியமாயிற்று என்பதை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், "மூன்றாம் பிரிவு" என்பதைக் கவனிக்க வேண்டும். என்.சி.ஏ.ஏ எனப்படும் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் 1973 இல் தன் உறுப்புக் கல்லூரிகளை மூன்று பிரிவுகளாக வகுத்தது. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்காக எவருக்கும் புலமைப்பரிசில் வழங்கக் கூடாது. ஆகையால் அங்கே பயிற்றுநர் என்பவர் பெரும்பாலும் விரிவுரை மண்டபத்துக்கும் மைதானத்துக்கும் நடுவே நடமாடும் கல்வியாளர். மார்ட்டினும் ஒகையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பயிற்றுநர் சங்கத்தின் சஞ்சிகைக்கு நெடுங்காலம் ஆசிரியராகவும் இருந்தார். தொலைக்காட்சிப் பணம் புரளும் முதலாம் பிரிவில் இன்று இப்படி ஒருவரைக் காண்பது அரிது. முன்பு அங்கும் இது வழக்கத்தில் இருந்தது. அலபாமாப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்துப் பயிற்றுநர் போல் பிரயன்ட் பயிற்றுநராகவும் விளையாட்டுத்துறைப் பணிப்பாளராகவும் ஒரே காலத்தில் இருந்தார். பணமும் விதிமுறைகளும் பெருகப் பெருக அவ்வழக்கம் அருகிவிட்டது.

பணிப்பாளரின் நாளாந்த வேலை என்ன என்பதையும் நீங்கள் அறிந்திருக்க வேண்டும். எல்லா அணிகளின் வரவு செலவையும் வகுப்பது, பயிற்றுநர்களைத் தெரிவு செய்து ஆண்டுதோறும் மதிப்பிடுவது, போட்டி நிரலையும் பயண ஒழுங்கையும் முடிப்பது, மாணவர்கள் பாடங்களில் உரிய தரத்தைப் பேணுகிறார்களா என்று பார்ப்பது, பழைய மாணவர்களிடம் நிதி திரட்டுவது, காயமடைந்த வீரரின் பெற்றோருக்கு விளக்கம் சொல்வது. இதில் உதைபந்தாட்ட அறிவு தேவைப்படும் இடம் மிகக் குறைவு. நல்ல பயிற்றுநர்கள் பலர் பணிப்பாளர் பதவியில் சலிப்படைந்து விலகுவதற்கு இதுவே காரணம் என்று நான் கருதுகிறேன்.

இன்னொருவரையும் சொல்லியாக வேண்டும். இந்தியானாப் பல்கலைக்கழகத்தின் ஜெரி யீக்லி 1963 இல் அங்கே உதைபந்தாட்டத்தைப் பொறுப்பேற்றபோது, அது பல்கலைக்கழகம் அங்கீகரித்த அணியாகவே இருக்கவில்லை. மாணவர் கழகம் என்ற நிலையிலேயே பத்து ஆண்டுகள் நடத்தி, 1973 இல்தான் முழுமையான பல்கலைக்கழக அணி என்ற தகுதியைப் பெற்றுக்கொடுத்தார். அதன்பின் ஆறு தேசியக் கிண்ணங்கள் வந்தன. ஆறாவதை 2003 இல் வென்று அதோடு ஓய்வு பெற்றார். உங்களைப் போல நிதியும் அங்கீகாரமும் இன்றித் தொடங்குபவர்களுக்கு மார்ட்டினை விட இவரே பொருத்தமான முன்மாதிரி என்பது என் எண்ணம்.

இடையில் ஒரு செய்தி. மார்ட்டின் முதற் பட்டம் பெற்ற ஸ்பிறிங்ஃபீல்ட் கல்லூரி, வை.எம்.சி.ஏ இயக்கத்தின் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கியது. 1891 இல் கூடைப்பந்தாட்டம் பிறந்ததும் அங்கேதான். அதே கல்லூரியில் பயின்ற ஹரி பக் என்பவர்தான் 1920 இல் சென்னையில் வை.எம்.சி.ஏ உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். சென்னைக்குச் சென்று அங்கு பயின்று வந்த பழைய தலைமுறை உடற்கல்வி ஆசிரியர்களை எமது ஊர்ப் பெரியவர்கள் இன்றும் நினைவுகூர்வதுண்டு. அந்த வகையில் ஒகையோவும் வலிகாமமும் ஒருவருக்கொருவர் முற்றிலும் அந்நியரல்லர்.

மறுமொழி: எல்லைக்கோட்டு நடுவர்

வட்டுநகரான் அவர்கள் எழுதியவை சிறப்பு. ஆயினும் அந்தக் கல்லூரிகளில் ஒருவர் ஓய்வு பெறும் வரை அதே இடத்தில் இருக்கலாம் என்ற அடிப்படையை மறந்துவிட்டு நாம் ஒப்பிடக் கூடாது. எமது மாகாணப் பாடசாலை ஆசிரியர் குறிப்பிட்ட ஆண்டுகளின் பின் இடமாற்றத்துக்கு உரியவராகிவிடுகிறார். 14 வயதில் அவர் தெரிவு செய்த சிறுவன் 20 வயதுப் பிரிவில் விளையாடும்போது, அவர் வேறொரு வலயத்தில் வேறொரு அணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

வடக்கில் உதைபந்தாட்டத்தில் நீண்ட மரபைக் காத்து வரும் பாடசாலைகளைப் பாருங்கள். 1960 களின் தொடக்கத்தில் அரசாங்கம் பாடசாலைகளைப் பொறுப்பேற்றபோது தனியாராகவே தொடர்ந்த சம்பத்திரிசியார் கல்லூரி போன்றவற்றில் ஆசிரியர்கள் பல்லாண்டு நிலைத்திருக்க முடிந்தது. ஏனைய இடங்களில் அந்தத் தொடர்ச்சியைக் காத்தவை ஊர்க் கழகங்களே. பாசையூரிலும் நாவாந்துறையிலும் குருநகரிலும் இளவாலையிலும் பிள்ளைகள் பந்தைக் கட்டுப்படுத்தப் பழகுவது கழக மைதானங்களில்தான். பாடசாலைப் பயிற்றுநருக்கு அவர்கள் பாதி பயின்றவர்களாகவே கிடைக்கிறார்கள். ஆகவே நீங்கள் பணிப்பாளராக விரும்பினால், அருகிலுள்ள கழகங்களோடு எழுத்து மூலமான ஓர் ஒழுங்கைச் செய்யுங்கள். நீங்கள் இடமாற்றம் பெற்றுச் சென்ற பின்னரும் அது எஞ்சியிருக்கும்.

மறுமொழி: மல்லிகை ரீச்சர் (தெல்லிப்பளை)

இங்கு எழுதியவர்கள் அனைவரும் ஆண்கள் அணிகளைப் பற்றியே பேசுவதால் சில விடயங்களைச் சொல்ல விரும்புகிறேன். நானும் உடற்கல்வி ஆசிரியை. பெண் பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் பழக்குகிறேன். எங்கள் பகுதியில் மகாஜனக் கல்லூரி மாணவிகள் தேசிய மட்டத்தில் பலமுறை வெற்றி பெற்றுள்ளமையை யாவரும் அறிவர். வீட்டில் அனுமதி பெறுவதிலிருந்து காலணி வாங்குவது வரை அந்த வெற்றிகளுக்குப் பின்னால் எவ்வளவு உழைப்பு இருந்தது என்பதை அறிந்தவர்கள் குறைவு.

அமெரிக்காவில் விளையாட்டுத்துறைப் பணிப்பாளர் என்ற பதவியின் தன்மையையே மாற்றியது 1972 ஆம் ஆண்டின் கல்விச் சட்டத் திருத்தத்தின் ஒன்பதாம் தலைப்பு. கூட்டரசின் நிதி பெறும் கல்வி நிறுவனம் எதுவும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்று அது விதித்தது. சட்டம் வருவதற்கு முன் அந்நாட்டின் உயர்நிலைப் பாடசாலைகளில் விளையாட்டில் ஈடுபட்ட மாணவியர் 3 இலட்சத்துக்கும் குறைவு. இன்று அது 30 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. மைதான நேரம், சீருடை, பயிற்றுநர் ஊதியம், மருத்துவ வசதி ஆகியவற்றில் சமத்துவம் பேணப்படுகிறதா என்று பதில் சொல்ல வேண்டியவர்களுள் பணிப்பாளர் முதல்வரானார். பெண்கள் உதைபந்தாட்டத்துக்கான என்.சி.ஏ.ஏ கிண்ணம் 1982 இல் தொடங்கியதும் இந்தப் பின்னணியில்தான். அதில் முதற் கிண்ணம் உட்பட 21 கிண்ணங்களை வட கரோலினாப் பல்கலைக்கழகத்துக்கு வென்று கொடுத்த அன்சன் டொரன்ஸ், 1979 இல் அந்த மகளிர் அணியைப் பொறுப்பேற்றபோது அங்கே ஏற்கனவே ஆண்கள் அணிக்குப் பயிற்றுநராக இருந்தவர். 1988 வரை இரண்டு அணிகளையும் சேர்த்தே நடத்தினார். 1991 இல் மகளிருக்கான முதலாவது உலகக் கிண்ணத்தை அமெரிக்கா வென்றபோதும் பயிற்றுநர் அவரே. (அவர் பிறந்த ஊர் பம்பாய் என்பது பலருக்குத் தெரியாது.)

இப்போது உங்கள் பாடசாலைக்கு வருவோம். உதைபந்தாட்டப் பயிற்றுநராகிய நீங்களே நிதியைப் பங்கிடும் இடத்திலும் அமர்ந்தால், வலைப்பந்தாட்ட ஆசிரியை உங்களிடம் வந்து பந்து கேட்க வேண்டும். மாலை மூன்றரை மணிக்குப் பின் மைதானம் யாருக்கு என்ற கேள்விக்கு நீங்களே தீர்ப்பளிப்பீர்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், உங்கள் அணிக்குப் புதிய சீருடை வந்த வாரத்தில் எங்கள் பிள்ளைகள் கிழிந்த வலையோடு விளையாடினால் எவரும் அதை நம்ப மாட்டார்கள். நான் பணியாற்றிய ஒரு பாடசாலையில் இதுவே நடந்தது. உதைபந்தாட்டத்துக்கும் துடுப்பாட்டத்துக்கும் வெளிநாட்டு நிதி வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், பெண்கள் அணி மாகாண மட்டப் போட்டிக்குச் செல்லும் பேருந்துக் கட்டணத்தை ஆசிரியர்களே பகிர்ந்துகொண்டோம். பொறுப்பாளர் கெட்டவரல்லர். தமது அணியின் தேவைகள் அவருக்குக் கண்முன் தெரிந்தன, எங்களுடையவை தெரியவில்லை.

அதைவிடப் பாரதூரமான ஒன்று உள்ளது. ஒரு மாணவனுக்கோ மாணவிக்கோ பயிற்றுநர் மீது முறைப்பாடு இருந்தால் அவர் யாரிடம் செல்வது? பயிற்றுநருக்கு மேலே இருப்பவரும் அதே பயிற்றுநர் என்றால் அந்தப் பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். அமெரிக்கக் கல்லூரிகளில் பணிப்பாளருக்கு மேலே துணைத் தலைவர், தலைவர் என்று அடுக்குகள் உள்ளன. எங்கள் பாடசாலைகளில் அதிபர் ஒருவரே. அவரும் வெற்றிக் கிண்ணத்தோடு புகைப்படத்தில் நிற்க விரும்புபவர். பொறுப்பை ஏற்பதாயின், உதைபந்தாட்டத்துக்கான நிதி ஒதுக்கீட்டில் உங்களுக்கு வாக்கில்லை என்பதையும், மாணவர் முறைப்பாடுகள் பெண் பிரதி அதிபர் ஒருவரிடம் நேரே செல்லும் என்பதையும் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.

மறுமொழி: செம்மண்தரை

ரீச்சர், நீங்கள் சொன்ன முறைப்பாட்டு விடயத்தை நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை. மிக்க நன்றி. நடுவர் ஐயா கூறிய கழக ஒழுங்கும் பயனுடையது. எங்கள் அணியில் பாதிப் பேர் ஒரே கழகத்தைச் சேர்ந்தவர்கள்தான். இனித் தகுதி பற்றி ஒரு கேள்வி. எனது பயிற்சிச் சான்றிதழ் இந்தப் பணிக்குப் போதுமா? பிற்காலத்தில் பல்கலைக்கழகத்திலோ வலய அலுவலகத்திலோ இதே துறையில் உயர்வதற்கு வழியிருக்கிறதா?

மறுமொழி: ஓய்வுபெற்ற உதவிப் பணிப்பாளர்

தம்பி, இரண்டு பாதைகளையும் முதலில் பிரித்து நோக்க வேண்டும். பயிற்றுநர் பாதை வேறு, நிர்வாகப் பாதை வேறு. ஒன்றில் பெற்ற சான்றிதழ் மற்றதில் செல்லுபடியாகாது.

பயிற்றுநராக மேலே செல்ல விரும்பினால், ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் உரிமங்களைப் படிப்படியாகப் பெறுங்கள். சி, பி, ஏ என்று அவை உயர்ந்து செல்லும். இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தின் ஊடாகவே அவற்றுக்கான பயிற்சிநெறிகள் நடைபெறும். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்ட சம்மேளனம் எமது சம்மேளனத்தை இடைநிறுத்தி, அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில்தான் தடையை நீக்கியது. இடைநிறுத்தப்பட்ட சம்மேளனத்துக்கு உலக, ஆசிய அமைப்புகளின் பயிற்சிநெறிகளிலும் அபிவிருத்தித் திட்டங்களிலும் பங்கில்லை. கொழும்பில் நிர்வாகிகள் தேர்தல் குறித்துச் சண்டையிட்டால் யாழ்ப்பாணத்து ஆசிரியரின் உரிமம் தாமதிக்கும் என்ற நிலையில்தான் எமது விளையாட்டு இருக்கிறது. ஆகவே பயிற்சிநெறி அறிவிக்கப்படும்போது அடுத்த முறை பார்க்கலாம் என்று விட்டுவிடாதீர்கள். விளையாட்டு அமைச்சின் கீழுள்ள தேசிய விளையாட்டு விஞ்ஞான நிறுவகத்தின் நெறிகளையும் கவனத்திற் கொள்ளலாம்.

நிர்வாகப் பாதையில், வலயக் கல்வி அலுவலகங்களில் உடற்கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளர் பதவி இருக்கிறது. யாழ்ப்பாணம், வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, தீவகம் என்று மாவட்டத்தில் ஐந்து வலயங்கள் இருப்பதால் இடங்கள் சொற்பமே. கல்வி நிர்வாக சேவைப் பரீட்சை வழியாகவே முறையாக அங்கு செல்லலாம். பிரதேச செயலகங்களில் பணியாற்றும் விளையாட்டு உத்தியோகத்தர்கள் வேறு திணைக்களத்தைச் சேர்ந்தவர்கள். பல்கலைக்கழகங்களில் உடற்கல்விப் பணிப்பாளர் என்ற பதவி உண்டு. பெயரளவில் நீங்கள் விசாரித்த அமெரிக்கப் பதவிக்கு மிக நெருங்கியது அதுவே. பட்டமும் அதற்கு மேலான தகுதியும் இன்றி அதை எண்ண முடியாது. உடற்கல்வியிலோ விளையாட்டு விஞ்ஞானத்திலோ பட்டம் பெற விரும்புவோருக்குச் சபரகமுவப் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் வாய்ப்புள்ளது. ஆங்கில மொழிமூலம் என்பதால் எமது பிள்ளைகள் தயங்குகிறார்கள். தயங்கத் தேவையில்லை. அந்தப் பதவியிலும் அணிகளுக்கு நாளாந்தப் பயிற்சி அளிப்போர் பொதுவாக வேறு ஆட்கள்தான். பணிப்பாளர் ஒழுங்குகளைச் செய்வார்.

உங்கள் பாடசாலையில் தரப்போகும் "விளையாட்டுத்துறைப் பணிப்பாளர்" என்ற பெயர் எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. ஆகவே அது உங்கள் சேவைக் கோவையில் ஏறாது, பதவி உயர்வுக்கு எண்ணப்படாது. பெயருக்கு மயங்காமல், அதிபர் கையொப்பமிட்ட கடமைப் பட்டியல் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். விளையாட்டுத்துறைப் பொறுப்பாசிரியர் என்ற பெயரே போதும். நேர்முகத் தேர்வில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதைக் காட்ட அந்தப் பட்டியல் உதவும்.

பழைய மாணவர் நிதி உங்கள் தனிப்பட்ட வங்கிக் கணக்குக்கு ஒரு நாளும் வரக் கூடாது. அதிபரைத் தலைவராகக் கொண்ட பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் கணக்கினூடாகவே வர வேண்டும். அவசரம் என்று சொல்வார்கள், நாளை போட்டி என்பார்கள். அப்படியானாலும் வேண்டாம். நல்ல ஆசிரியர்கள் விசாரணைக்கு முகங்கொடுத்ததை என் சேவைக் காலத்தில் பார்த்திருக்கிறேன். ஒரு சதத்தையும் அவர்கள் எடுத்திருக்கவில்லை. பற்றுச்சீட்டு வைத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுமொழி: ஸ்காபரோ பழைய மாணவன்

நிதி அனுப்புபவர்களின் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. நாங்கள் ஒரு மனிதரை நம்பித்தான் பணம் அனுப்புகிறோம் என்பது உண்மை. எமது பாடசாலையில் அந்த மனிதர் ஒரு பயிற்றுநராக இருந்த காலத்தில் பணம் தாராளமாகச் சென்றது. அவர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே வரத்து அரைவாசியாகக் குறைந்தது. ஆகவே செம்மண்தரை ஆசிரியருக்கு எனது வேண்டுகோள், நிதியை "உதைபந்தாட்டத்துக்கு", "துடுப்பாட்டத்துக்கு" என்று தனித்தனியே கேட்காமல், மைதானம், முதலுதவி, போக்குவரத்து என்று எல்லா அணிகளும் பயன்படுத்துபவற்றுக்காகக் கேளுங்கள். ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை மழைநீர் தேங்கும் மைதானத்துக்கு வடிகால் அமைப்பதென்றால் துடுப்பாட்டக்காரரும் பணம் தருவார், உதைபந்தாட்டக்காரரும் தருவார். இங்கே நாங்கள் விளையாட்டின் பெயரால் பிரிந்து சண்டை பிடிப்பதும் குறையும்.

மறுமொழி: எல்லைக்கோட்டு நடுவர்

வடிகால் யோசனை அருமை. ஆனால் மேலே செம்மண் போட்டு உயர்த்த வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். கோடையில் அது கல்லாக இறுகி, விழும் பிள்ளைகளின் முழங்காலை உரித்துவிடும்.

மறுமொழி: செம்மண்தரை

எழுதிய அனைவருக்கும் நன்றி. அடுத்த வாரம் அதிபரோடும் சங்கத்தோடும் கூட்டம் இருக்கிறது. பணிப்பாளர் என்ற பெயரை மறுத்து, பொறுப்பாசிரியர் என்ற பெயரில் ஓராண்டுக்கு மட்டும் ஏற்பதாகச் சொல்லவிருக்கிறேன். நிதிப் பங்கீட்டுக் குழுவில் வலைப்பந்தாட்ட ஆசிரியையும் துடுப்பாட்டப் பொறுப்பாசிரியரும் இருப்பார்கள். உதைபந்தாட்டம் பற்றிய தீர்மானத்தின்போது நான் வெளியேறுவேன். 16 வயதுப் பிரிவை எமது பழைய மாணவரான ஓர் இளைஞரிடம் ஒப்படைத்து, அவரை அடுத்த சி தரப் பயிற்சிநெறிக்கு அனுப்புமாறு சங்கத்திடம் கேட்பேன். 18, 20 வயதுப் பிரிவுகளை விட மனம் வரவில்லை.

மாணவர் முறைப்பாட்டுக்கான ஒழுங்கை எப்படி எழுதுவது என்பதில் மட்டும் தெளிவில்லை. மல்லிகை ரீச்சர், உங்கள் பாடசாலையில் அத்தகைய பத்திரம் ஏதும் நடைமுறையில் இருந்தால், பெயர்களை நீக்கி அதன் வாசகத்தை மட்டும் இங்கே இட முடியுமா?

மறுமொழி: மல்லிகை ரீச்சர் (தெல்லிப்பளை)

எங்களிடம் உள்ளது அரைப்பக்க அறிவித்தல்தான். உடைமாற்றும் அறையின் கதவில் ஒட்டியிருக்கிறோம். அதில் பிரதி அதிபரின் பெயரும், அவரை எந்த இடைவேளையில் எங்கே சந்திக்கலாம் என்பதும், பயிற்றுநரிடம் முன்கூட்டிச் சொல்லத் தேவையில்லை என்ற ஒரு வரியும் உள்ளன. திங்கட்கிழமை பாடசாலைக்குச் சென்றதும் முழு வாசகத்தையும் இடுகிறேன்.